எதுவரைக்கும் வருகிறது

ஏழாவது உதை. இல்லை, எட்டாவது. எண்ணிக்கொண்டேதான் இருந்தேன், நடுவில் மாடி வீட்டுக் குக்கர் விசில் அடித்ததில் ஒன்று விட்டுப்போயிற்று. ஏழோ எட்டோ, வண்டிக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான். போன சனிக்கிழமையிலிருந்து எதை எண்ணினாலும் சரியாக எண்ணி முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஒரே உதையில் கிளம்பிய வண்டி இது. கடைத்தெரு வரைக்கும் போய்வந்து, இதே காம்பவுண்டுச் சுவரோரம் நிறுத்தி, பெட்ரோலை மூடி, சாவியை எடுத்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இப்போது ஒரு இருமல்கூட இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் இவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, மூச்சடைத்திருக்கிறது, பாதி வழியில் உட்கார்ந்து அடம்பிடித்திருக்கிறான், ஆனால் இப்படி ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டதில்லை. பரவாயில்லை. மணி ஆறே முக்கால்தான் ஆகிறது. வெயில் இன்னும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இறங்கவில்லை. கழுகுமலை இருபது கிலோமீட்டர், ஏழரைக்குக் கிளம்பினாலும் எட்டேகாலுக்குள் போய், திரும்பி, ஒன்பதுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். திரும்பி வருவதுதான் விஷயம். போவதற்காகப் போகவில்லை நான். திரும்பி வருகிறேனா என்று பார்க்கத்தான் போகிறேன்.

ஒழுங்காகப் பார்க்கலாம். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஃபால்ட் பார்த்தவன், ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பதறினால் நன்றாகவா இருக்கும். யாராவது ஒரு வீட்டில் போன் செத்துவிட்டது என்றால் நாங்கள் அந்த வீட்டுக்கு ஓடமாட்டோம். பாதி வழியில் இருக்கிற பெட்டியைத் திறந்து காதில் வைத்துப் பார்ப்போம். அங்கே டோன் இருந்தால் இந்தப் பக்கம் சரி, கோளாறு அந்தப் பக்கம். மறுபடி பாதி. மறுபடி பாதி. எதுவரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது, இவ்வளவுதான் கேள்வி. புதிதாக வருகிற பையன்கள் எல்லாம் கம்பியைக் கம்பியாக இழுத்துப் பார்ப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, முதலில் பெட்ரோல். திறந்தேனா? திறந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன், விரலால் தொட்டும் பார்த்தேன். பார்த்ததும் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம், பரீட்சையில் முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட மாதிரி. குழாயை இழுத்துப் பார்த்தால் பெட்ரோல் நூலாக ஒழுகுகிறது, விரலில் பட்டு ஜில்லென்று காய்கிறது. ஆக, பெட்ரோல் வருகிறது. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, பேட்டரி உயிரோடு இருக்கிறது. ஹாரன் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஞானதுரை எட்டிப் பார்த்துவிட்டான். தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர், காலையிலேயே பவுடர் பூசிவிடுவான். "என்ன அண்ணாச்சி, மக்கர் பண்ணுதாக்கும்?" என்றான். "லேசா" என்றேன். "பேசாம இதத் தள்ளிவிட்டுட்டு ஒரு பட்டன் வண்டி எடுத்துருங்க. இந்த வயசுல எதுக்கு ஒதச்சிக்கிட்டு?" வயசு. அவன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். "பாப்போம் ஞானதுரை" என்றேன். பெயர் உடனே வந்தது. வந்ததை நான் கவனித்தேன் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு நாளாக நான் கூப்பிடுகிற ஒவ்வொரு பெயரும் வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

போன சனிக்கிழமை கழுகுமலையில் ஒரு கல்யாணம். கூட வேலை பார்த்தவன் மகளுக்கு. சாப்பிட்டு, தாம்பூலப் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு நாலுமுக்கு. நிழற்குடை ஒன்று, மூடிக்கிடக்கிற டீக்கடை ஒன்று, சுற்றிலும் கரிசல், கண்ணுக்கெட்டியவரை ஒன்றும் இல்லை. தொண்ணூற்றிரண்டில் அந்த நாலுமுக்கில் நான் பதினோரு நாள் குழிக்குள் உட்கார்ந்து கேபிள் இணைத்திருக்கிறேன். நானூறு ஜோடிக் கம்பி, ஒன்று மாறவில்லை. நான் போட்ட இணைப்பு இன்னமும் அந்த மண்ணுக்கடியில் கிடக்கிறது. அங்கே போய் வண்டி மெதுவாயிற்று, நான்தான் மெதுவாக்கினேன், எந்தப் பக்கம் திரும்ப என்று பார்க்க. பார்த்தால் நான்கு ரோடும் ஒரே ரோடாக இருந்தது. இதில் ஏதோ ஒன்றில் போனால் என் வீடு வரும் என்பது தெரிகிறது, வீடு தெரிகிறது, வீட்டுக் கொடியில் காய்கிற செண்பகத்தின் பச்சைச் சேலைகூடத் தெரிகிறது, எந்த ரோடு என்பது மட்டும் இல்லை. மறந்துபோனால் தேடுவோம் இல்லையா, அந்தத் தேடலே இல்லை. வண்டியை அணைத்துவிட்டு நிழற்குடையில் உட்கார்ந்தேன். அப்போது பயம் வரவில்லை. காற்று நன்றாக இருந்தது. தாம்பூலப் பையில் தேங்காய் இருந்தது, அதை உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அவளிடம் கேட்டிருக்கலாம், வெட்கமாக இருந்தது. என்னவென்று கேட்பது, என் வீடு எந்தப் பக்கம் என்றா? இருபது நிமிஷமோ முப்பதோ. அப்புறம் கோவில்பட்டி என்று போர்டு போட்ட பஸ் வந்தது. அதன் பின்னாலேயே வந்தேன். அது நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். பின்சீட்டில் ஒரு குழந்தை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தது. ரயில்வே கேட்டைப் பார்த்ததும் எல்லாம் பழையபடி வந்துவிட்டது, தெரு, வீடு, எல்லாம். பயம் அங்கேதான் பிடித்தது.  வீட்டில் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று செண்பகம் கேட்டாள். "பஞ்சர்" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், அப்புறம் டயரைப் பார்த்தாள், "சாப்பாடு ஆச்சில்ல?" என்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு என் கை சுத்தமாக இருந்தது.

அதனால்தான் இன்றைக்குப் போக வேண்டும். காலையில் கழுகுமலை வரைக்கும் போய்வருகிறேன் என்று நேற்று ராத்திரியே செண்பகத்திடம் சொல்லிவைத்துவிட்டேன். அதே ரோடு, அதே நாலுமுக்கு. தெரிந்து திரும்பிவிட்டால் அது ஏதோ வெயில், கல்யாணச் சாப்பாடு, பித்தம். தெரியவில்லை என்றால் அதற்கு மேலே யோசிக்கிற இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. மதுரையில் மகள் மாதந்தோறும் ஒரு டாக்டர் பெயர் சொல்கிறாள். ஞாபகத்துக்கென்றே பார்க்கிறவராம். அடுப்பை அணைக்க மறந்தது, ஒரே சங்கதியை இரண்டு தரம் போனில் சொன்னது, இதையெல்லாம் வைத்துக்கொண்டு சொல்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் கத்தியிருக்கிறேன். செண்பகம் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாள். சரி, பிளக். பிளக் ஸ்பேனரைப் போட்டுத் திருகி எடுத்தால் நுனி ஈரமாக இருக்கிறது, பெட்ரோல் வாசம். ஆக, அதுவரைக்கும் வருகிறது. பிளக்கைத் தொப்பியில் மாட்டி, என்ஜின் மேல் சாய்த்துவைத்து, கையாலேயே கிக்கரை அமுக்கினேன். நீலமாக ஒரு பொறி சொடுக்க வேண்டும். இல்லை. வேறு பிளக், அதிலும் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரை இரும்புக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன், செத்த எலி வால் மாதிரி கிடக்கிறது. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, பிளக்கில் இல்லை, நடுவில் மூன்றே சாமான். காயில். பாயிண்ட். அப்புறம் அது. அது, பாயிண்டுக்குப் பக்கத்திலேயே இருக்குமே, கட்டைவிரல் நுனியளவு தகர உருளை, ஒரே ஒரு ஒயர். அதன் பெயர். நான்கு தடவை மாற்றியிருக்கிறேன். கடையில் போய் வாய் நிறையக் கேட்டு வாங்கியிருக்கிறேன். காயில் இல்லை, அது வேறு. கார்பன் இல்லை. ‘கா’வில் தொடங்குமா, ‘க’விலா? உருளை தெரிகிறது, அதன் தகரத்தில் அடித்த எண்கூடத் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. மறுபடியும் நாலுமுக்கு. விடு. பெயர் இல்லாவிட்டால் சாமான் வேலை செய்யாதா என்ன. வெயில் எதிர்வீட்டு மாடிச் சுவரில் பாதி இறங்கிவிட்டது. என்னமோ ‘க’வில்தான் தொடங்கும்.

உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல். "காப்பி ஆறிட்டிருக்கு." வழக்கமாக இவ்வளவு உதை உதைத்தால் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "அதுகூடச் சண்ட போட்டது போதும்" என்பாள். இன்றைக்கு வரவில்லை. "வாரேன்" என்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் அம்மனுக்குச் செண்பகவல்லி, சாமிக்குப் பூவநாதர். அதே பெயர்கள்தான் எங்களுக்கும். ஜாதகம்கூடப் பார்க்காமல் பெயரை வைத்தே முடித்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காகக் கிண்டல் ஓடியது. பாயிண்டைப் பார்த்துவிடலாம். பக்கவாட்டு மூடி, இரண்டே திருகு. அடுத்தவன் கழற்ற முடியாதபடி இறுக்குகிற கை என்னுடையது, மெக்கானிக்குகள் திட்டுவார்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன், சொன்னபடி கேட்டு உடனே வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே, விரலாலேயே கழன்றது. இதை நான் இறுக்கவில்லை. மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தேன். பாயிண்ட் என்பது இரண்டு சின்ன உலோக நுனி. ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியும், பிரிகிற அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழும். தொடாவிட்டால் ஒன்றும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில், தொடவிடாமல், ஒரு தாள். மடித்த தாள். தினசரிக் காலண்டர் தாள்.

தாளைப் பார்த்துக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். இது எங்கள் வேலை, என்னுடையதும் செண்பகத்துடையதும். எண்பத்தெட்டில் தியேட்டர் வாசலில் ஒருத்தன் வண்டி களவு போனதற்கு அப்புறம், எங்கே நிறுத்தினாலும் இதைச் செய்வோம். சாவி இல்லாமல் ஒயரைச் சேர்த்துக் கிளப்பத் தெரிந்த திருடனுக்கும் பாயிண்டுக்கு நடுவில் தாள் இருப்பது தெரியாது. என் விரல் தடிமன், அந்தச் சந்தில் நுழையாது. அவள் விரல் சன்னம். அவள் அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் தினமும் அவள்தான் வைத்தாள், பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, கையில் எது இருக்கிறதோ அதைச் சின்னதாக மடித்து. நான் மூடியைத் திருகிக்கொண்டே "வச்சாச்சா?" என்பேன். அவள் சேலை முனையில் விரலைத் துடைத்துக்கொண்டே "வச்சாச்சு" என்பாள். அப்புறம் வீட்டுக்குக் காம்பவுண்டு வந்தது, கேட் வந்தது, ஊரிலும் இந்தப் பழைய வண்டியைத் திருட ஆள் இல்லாமல் போயிற்று, விட்டுவிட்டோம். இருபது வருஷம் இருக்கும். அப்படியென்றால் இதை வைத்தது யார்? நானா?  நானே வைத்துவிட்டு, வைத்ததை மறந்துவிட்டு, வைத்தவனே முக்கால் மணி நேரமாக உதைத்துக்கொண்டிருக்கிறேனா? அப்படியென்றால் இனிக் கழுகுமலைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே. இரு. பதறாதே. பாதியில் வெட்டு. எதுவரைக்கும் வருகிறது? ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தாளை மெதுவாக இழுத்து எடுத்துப் பிரித்தேன். வியாழக்கிழமை. சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். நேற்றைய தாள். சனிக்கிழமையிலிருந்து படுக்கப் போகும்போது தினமும் காலண்டர் முன்னால் நின்று தேதி, கிழமை, எல்லாவற்றையும் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்குத் தெரியாமல். நேற்றும் சொன்னேன். வியாழன், தெற்கு, தைலம், என் ராசிக்கு நிதானம். இதோ, கன்னிக்கு நேரே நிதானம். நான் படுக்கும்போது இந்தத் தாள் சுவரில் இருந்தது. காலையில் எழுந்ததும் தாள் கிழிப்பவள் அவள், ஐந்து மணிக்கு எழுந்திருப்பவள் அவள், நான் எழுந்தது ஆறேகாலுக்கு. நான் இல்லை. நான் வைக்கவில்லை. அப்பாடா. வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் தலை இங்கே வரைக்கும் சரியாகத்தான் வருகிறது.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. நான் இல்லையென்றால் அவள். ஐந்து மணிக்கு, இருட்டுப் பிரியாத நேரத்தில், வாசல் விளக்கைக்கூடப் போடாமல், இந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்து, இரண்டு திருகையும் கழற்றி, நகத்தால் நீவி நீவி மடித்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், கழுகுமலைக்குப் போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சூலம் பார்க்கிறவள் இல்லை அவள். போகாதே என்று சொன்னால் நான் கத்துவேன். சாவியை ஒளித்தால் தேடுவேன், தேடிக் கிடைக்காவிட்டால் நானே எங்கோ வைத்து மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன், அந்த நினைப்பு எனக்கு வரக்கூடாது என்று பார்த்திருக்கிறாள். வண்டி கிளம்பவில்லை என்றால் கோளாறு வண்டிக்கு, எனக்கு இல்லை. ஆறு நாளாக நான் தனியாகப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் அவளும் பயந்துகொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஞானதுரை வீட்டு ஜன்னல் திறந்திருந்ததால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டேன். இப்போது தாள் என் கையில். மூடியைப் போட்டு ஒரு உதை, கிளம்பிவிடும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கரிசலுக்குள் இறங்கி, அந்த நாலுமுக்கு. தெரிந்துவிடும். இன்றைக்குத் தெரிந்தால் அடுத்த வெள்ளிக்கு? அதற்கு அடுத்த வெள்ளிக்கு? ஒவ்வொரு தடவையும் அவள் ஐந்து மணிக்கு எழுந்து இங்கே வந்து உட்கார வேண்டுமா?

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். கிக்கரை லேசாக அமுக்கி, பாயிண்ட் திறக்கிற இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தாளை உள்ளே தள்ளினேன். இரண்டு தரம் கீழே விழுந்தது, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. அவள் எப்படித்தான் வைத்தாளோ. விரல் நுனியெல்லாம் கரியும் கிரீஸும். பக்கத்தில் அந்தத் தகர உருளை பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, ஒரு தப்பும் செய்யாமல். மூடியைப் போட்டு, திருகை அவள் இறுக்கிய அளவுக்கே இறுக்கினேன். பிளக்கை மாட்டி, பெட்ரோலை மூடி, சாவியை எடுத்தேன்.

அடுப்படி வாசலில் நின்றேன். அவள் திரும்பவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கெளம்பலையா?" என்றாள். "கெளம்பல." "என்ன கோளாறாம்?" வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில், கேட்காமலேயே, அந்தத் தகர உருளையின் பெயர் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. "கண்டன்சர்" என்றேன். "கண்டன்சர் போயிருக்கும் போல." கத்தி நின்றது. "மாத்த நாளாகுமோ?" "ஆகும். பழைய வண்டி பாரு, சாமான் கெடைக்கணும்ல." அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள், முன்னைவிட மெதுவாக. காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. "செம்பகம், போன சனிக்கிழமை பஞ்சர் ஆகல." அவள் "ம்" என்றாள். "வழி தெரியல. ஒரு பஸ் பின்னாலயே வந்து சேந்தேன்." "ம்." கொஞ்சம் கழித்து, முதுகைக் காட்டியபடியே, "ஒங்க கையில அன்னைக்கி ஒரு அழுக்கும் இல்ல" என்றாள்.  

"பாப்பாவுக்குப் போனப் போடு. அந்த டாக்டர் இன்னைக்கி இருக்காரான்னு கேளு. இருந்தா ஒம்பது மணி பஸ்ஸப் பிடிப்போம், ரெண்டு பேரும்." அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். என்னைப் பார்த்தாள், சுவர்க் காலண்டரைப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொல்வது போல, "மதுரன்னா ராத்தங்கணும். வண்டி வெளியில கெடக்கே, எவனும் தூக்கிட்டுப் போயிரமாட்டானா?" என்றாள்.

"போகமாட்டான்" என்றேன். "வச்சாச்சு."

அவள் அசையாமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்து, கரி படிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.